வைட்டமின் டப்பாவில் வந்தது

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். இத்தனை கோபத்திலும் அந்த நினைப்பு மாறவில்லை. அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது. மாடி வீட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், அவர்கள் வீட்டுக் குழாய் ஒழுகல் மட்டும் காலி செய்யாமல் இருக்கிறது. உன் தம்பி புது வேலைக்கு டை கட்டுகிறான், ஒருமுறை போட்ட முடிச்சை அவிழ்க்கப் பயந்து தலைவழியாகவே கழற்றி மாட்டுகிறான். இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். போனில் என்றால் நீ அழுவாய், நான் சமாதானம் செய்யத் தொடங்கிவிடுவேன், அதனால்தான் கடிதம். நீ அனுப்பிய வைட்டமின் டப்பாவில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

போன வருடம் வந்திருந்தபோது, முழங்கால் வலிக்கு என் எடைதான் காரணம், பசியைக் குறைக்கும் மாத்திரை இருக்கிறது, டாக்டரிடம் எழுதி வாங்கலாம் என்றாய். வேண்டாம் என்றேன், காரணத்தையும் சொன்னேன். ஆலை கேன்டீனில் நானூறு பேர் சாப்பாட்டுக்கு உப்புப் பார்ப்பவள் நான். வெறும் வயிற்றோடு போய், பதினொரு மணிக்குப் பசி கிள்ளும்போதுதான் கரண்டியை உள்ளங்கையில் சாய்த்து நக்கிப் பார்ப்பேன். அந்தப் பசிதான் என் தராசு. சரிம்மா என்றாய், நானும் நம்பினேன். மருந்துக்கடையில் வேலை பார்ப்பவளுக்கு டப்பா மாற்றி லேபிள் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? அப்பா தினமும் காலையில் ஒன்றை எடுத்து நீட்டினார். பெண் அனுப்பிய சத்து மாத்திரை என்று கேன்டீன் முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டு விழுங்கினேன். பத்தே நாளில் பசி போயிற்று. வாய் வறண்டது, தூக்கம் போனது, நெஞ்சு படபடத்தது. இரண்டு மாதத்தில் ஒன்பது கிலோ இறங்கியது. ஏதோ பெரிய வியாதி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன் தம்பிக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தேன், அலமாரிச் சாவிகளில் எது எதற்கு என்று சீட்டு எழுதிக் கட்டினேன். ஞாயிறுதோறும் நீ போனில், "என்னம்மா, இளைச்சிட்டியாமே, அப்பா சொன்னாரு" என்று சிரித்தாய். நான் சாகத் தயாராகிக்கொண்டிருந்தேன், நீ எடை விசாரித்துக்கொண்டிருந்தாய்.

கேன்டீனில் இரண்டு முறை உப்பு தப்பியது. தட்டுகள் அப்படியே திரும்பி வந்தன, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறை. சூபர்வைசர் மரியாதையாகத்தான் சொன்னார், "கொஞ்ச நாள் காய் நறுக்குங்கம்மா, உக்காந்து செய்யற வேலை, காலுக்கும் நல்லது" என்று. என் கரண்டி இப்போது வேறொருத்தி கையில். கடைசியில் பயத்தோடு பெரிய ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். சாப்பிடும் மருந்தையெல்லாம் மேசைமேல் வைக்கச் சொன்ன டாக்டரம்மா உன் டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையைப் புரட்டிப் பார்த்தார். "இது வைட்டமின் இல்லீங்களே, பசியை அடக்கற மாத்திரை. யாரு எழுதிக் கொடுத்தா?" என்றார். உன்னைக் காட்டிக்கொடுக்க மனம் வராமல், தெரியாது என்று பொய் சொன்னேன். நல்ல மருந்துதானாம், பொருந்தியவர்களுக்கு, நெஞ்சைச் சோதித்துவிட்டுக் கவனமாகக் கொடுத்தால். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை போடும் எனக்கு அது ஆகவே ஆகாதாம். வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டால், "நல்லதுக்குத்தானே பண்ணோம்" என்று செய்தித்தாளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டார். உன் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, அதனால் வேதனை குறையவும் இல்லை. நான் பெற்ற பெண் என்னை ஏமாற்றிவிட்டாள். இதைவிடப் பக்குவமாக எழுத எனக்கு வரவில்லை.

அழுத்தம் இறங்கியதும் எடைக்கு வேறு மருந்து பார்க்கலாம், உங்களுக்குச் சம்மதமா என்று டாக்டரம்மா கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன், சரி, அடுத்த மாதம் சொல்லுங்கள் என்று விட்டுவிட்டார். கேட்பதும் காத்திருப்பதும் அவ்வளவு சின்ன வேலை. மாத்திரையை நிறுத்தியதும் பசி திரும்பிவிட்டது, கரண்டி இன்னும் திரும்பவில்லை.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவருக்கொருவர் எதையும் ஒளிக்காமல் நீண்ட நாள் வாழ வேண்டும். அங்கே குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள். அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் ஓர் இடம் இருக்கும், இதுவரை எப்போதும் அதில் உன் நம்பரைத்தான் எழுதியிருக்கிறேன். இந்த முறை பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு, கேன்டீனில் என் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்கும் அக்காவின் நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா