ஐந்து மணிப் பூட்டு

ஜனவரி 4, ஞாயிறு

இவருக்கு ஸ்டென்ட் வைத்து இன்றோடு நாற்பது நாள். தினமும் முக்கால் மணி நேரம் நடக்கச் சொன்னார் டாக்டர். இவர் நடப்பது கட்டிலிலிருந்து சாப்பாட்டு மேசைக்கு. மற்ற நேரமெல்லாம் போனில் பழைய கிரிக்கெட். முடிவு தெரிந்த ஆட்டத்தை எதற்குப் பார்க்கிறீர்கள் என்றேன்.

"முடிவு தெரிஞ்சா நெஞ்சு படபடக்காது, நாச்சியா. ஹார்ட்டுக்கு நல்லதுல்லா."

ஜனவரி 5, திங்கள்

பத்திரிகைக்கு மாலைச் செய்தியை அனுப்பிவிட்டு, இணைய இணைப்பு தந்த வினய் என்ற பையனை போனில் பிடித்தேன். ரவுட்டரிலேயே நேரப் பூட்டு உண்டாம். எந்தக் கருவிக்கு, எந்த நேரம் நெட் கிடைக்கக் கூடாது என்று போட்டுவிடலாம். "பிள்ளைங்களுக்கு வைக்கிறதாக்கும் ஆன்டி. அங்க ஆருக்கு?" என்றான் தன் மலையாளத் தமிழில். ஒரு பிள்ளைக்குத்தான் என்றேன்.

அவன் சொன்ன எண்ணை லேப்டாப்பில் அடித்ததும் ரவுட்டரின் பக்கம் திறந்தது. பெயரும் கடவுச்சொல்லும் கம்பெனி போட்டு அனுப்பியபடியே இருந்தன. மூன்று வருஷமாக வாசல் கதவைச் சாத்தாமலே இருந்திருக்கிறோம். முதலில் அதை மாற்றினேன்.

பிறகு கருவிகளின் பட்டியல். நான்கு வரி. என் லேப்டாப்பும் போனும் தெரிந்தன. மற்ற இரண்டும் ஒரே கம்பெனிப் பெயரில் இருந்தன. ஒன்று இவருடைய போன், இன்னொன்று மாடியில் குடியிருக்கும் நர்ஸ் ஆர்ஷாவின் டேப். வாடகையிலேயே அவளுக்கு வைஃபையும் சேர்த்தி. இரண்டுக்கும் வித்தியாசம், பக்கத்தில் இருக்கும் பன்னிரண்டு எழுத்து முகவரி மட்டும். ஒரு வரி நேற்று பதினொரு ஜிபி இழுத்திருந்தது, மற்றது இரண்டு. பதினொன்று யாருடையது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த வரிக்குப் பூட்டு போட்டேன். திங்கள் முதல் வெள்ளி, ஐந்து முதல் ஆறு வரை. இவருடைய சிம்மில் பேச்சு மட்டும்தான், டேட்டா கிடையாது. வேறு வழியில் தப்ப முடியாது.

இவரிடம் சொல்லவில்லை. அவர் நன்மைக்குத்தானே. (ஃபைலை மறைத்த ஒவ்வோர் அதிகாரியும் என்னிடம் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.)

ஜனவரி 6, செவ்வாய்

ஐந்து பத்துக்கு வாசலில் செருப்புச் சத்தம். நான் பின்னறையில் செய்தி அடித்துக்கொண்டிருந்தேன். பழவங்காடிப் பிள்ளையார் கோயில் வரை போய் வந்தாராம்!

ஜனவரி 8, வியாழன்

மூன்றாவது நாள். வியர்த்து வந்தார். இரண்டு இட்லி கூடக் கேட்டார்.

ஜனவரி 12, திங்கள்

ஐந்து இருபதுக்கு ஆர்ஷா டேப்பைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"ஆன்டி, தப்பா ஒண்ணும் தோணக் கூடாது கேட்டோ. அஞ்சு மணி ஆனா என் டேப்ல நெட் போவுது. கடையில காட்டினேன், டேப்புக்கு ஒரு கொழப்பமும் இல்லன்னு சொன்னாங்க. ஓசி நெட்டுக்கு எப்படிக் கம்ப்ளெயின்ட் சொல்றதுன்னு தான் இத்தனை நாள்…"

ஐந்து மணிக்கு என்ன என்றேன். ஜெர்மன் வகுப்பு. தேர்வில் தேறினால் அங்கே ஆஸ்பத்திரி வேலை. டேப்பை விட்டால் அவளிடம் பட்டன் போன்தான்; மாடியில் மொபைல் சிக்னலும் ஒரு கம்பிக்கு மேல் ஏறாது.

லேப்டாப்பில் ரவுட்டர் பக்கத்தைத் திறந்தேன். அவளை டேப்பை அணைக்கச் சொன்னேன். பட்டியலில் நான் பூட்டிய வரி மறைந்தது. ஒரு நிமிட வேலை. போன திங்களே செய்திருக்கலாம். இல்லை, செய்திருக்க வேண்டும்.

பூட்டை எடுத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. விரல் விட்டு எண்ணினாள். அறுபது வகுப்பில் பன்னிரண்டு வரை தவறலாம். அதற்கு மேல் போனால் தேர்வுக்கு அனுப்ப மாட்டார்கள். ட்யூட்டியால் ஒன்பது ஏற்கெனவே போயிற்று. என்னால் ஐந்து. பதினான்கு.

"ரெண்டு கூடுதல், ஆன்டி" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

அப்படியானால் இவர் ஏன் நடந்தார்? திரும்பி வந்ததும் கேட்டேன்.

"திரவியத்துக்கு மறுபடியும் அடைச்சுக்கிட்டு. போன திங்கக்கிழம ஐசியூல சேத்துட்டாவ. பயந்துட்டேன். ஒங்கிட்ட சொன்னா நீயும் பயப்படுவியேன்னு சொல்லல."

திரவியம், சாலை பஜாரில் ஓர் இரும்புக் கடையில் இவரோடு முப்பது வருஷம் கணக்கு எழுதியவர். இப்போது தேறி வீட்டுக்கு வந்துவிட்டாராம்.

நானும் பூட்டுக் கதையைச் சொன்னேன்.

"எனக்கா பூட்டு போட்ட? நல்ல நிருபர்டீ நீ. ஆளு யாருன்னே தெரியல."

பதினொரு ஜிபி? ஆர்ஷா ஞாயிறு முழுக்கத் தவறிய வகுப்புகளின் பதிவைப் பார்த்திருக்கிறாள். இவர் படத்தின் தெளிவைக் குறைத்து வைத்துத்தான் பார்ப்பாராம். "பந்து தெரிஞ்சாப் போதும்."

ஜனவரி 13, செவ்வாய்

முப்பத்து நான்கு வருஷத்தில் என் செய்திக்கு ஏழு திருத்தம் வந்திருக்கிறது. அந்த முறையிலேயே கடிதம் எழுதினேன்: என்ன தவறு, எந்தெந்தத் தேதி, யார் செய்தது, வருத்தம். ஏன் செய்தேன் என்பதற்கு அதில் இடமில்லை. ரவுட்டர் பக்கத்தின் அச்சுப்படியை இணைத்தேன்.

பட்டம் ஜங்ஷனில் இருக்கிறது ஆர்ஷாவின் ஜெர்மன் பயிற்சி நிலையம். பொறுப்பாளர் வேலாயுதன் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பத்திரிகை அடையாள அட்டை கைப்பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை. எடுக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"வீட்டு ஓனர் லீவ் லெட்டர் கொண்டு வர்றது இது ஆத்யமா, ஃபர்ஸ்ட் டைம். ஆனா ரூல் ரூல் தன்னெ" என்றார். பிறகு வருகைப் பதிவேட்டைப் புரட்டினார். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் வேறொரு பிரிவில் நேரில் வந்து உட்கார்ந்தால் இரண்டு வகுப்பை ஈடு செய்து தருவாராம். இனி ஒரு நாள்கூடத் தவறக் கூடாது.

ஆர்ஷாவுக்குச் சனிக்கிழமை ட்யூட்டி. கூட வேலை பார்க்கும் அஞ்சு என்ற பெண் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தாள். படியேறப் போனவள் திரும்பி நின்றாள்.

"அங்கிளுக்கு வெச்ச வெடி என் மேல பட்டது, அல்லே?"

முதல் தடவையாகச் சிரித்தாள். உள்ளேயிருந்து இவரும் சிரித்தது கேட்டது.

ஜனவரி 24, சனி

இரண்டாவது ஈடு வகுப்பும் முடிந்தது. தவறிய கணக்கு இப்போது பன்னிரண்டு.

பிப்ரவரி 13, வெள்ளி

வகுப்பு முடிந்தது. நாற்பத்தெட்டு நாள் வருகை. ஒன்று குறையவில்லை, ஒன்று கூடவும் இல்லை. தேர்வுக்குப் பெயர் போய்விட்டது.

பிப்ரவரி 21, சனி

தேர்வு கொச்சியில், பிற்பகல். ஆர்ஷா காலை வண்டிக்குக் கிளம்பினாள். அவள் பையை இவர் வாங்கிக்கொள்ளப் பார்த்தார். "ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு எதுக்கு அங்கிள் பை?" என்று தண்ணீர் பாட்டிலை மட்டும் கொடுத்தாள். நானும் வரட்டுமா என்றேன். "ஒரு பாட்டிலுக்கு மூணு ஆளா? நீ இரி" என்றார் இவர்.

எங்கள் ஆரியசாலை வீட்டிலிருந்து தம்பானூர் ரயில்வே ஸ்டேஷன். இருவரும் நடந்தே போனார்கள்.

காலை ஏழு மணிக்கு இவர் தனியாகத் திரும்பினார். வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பிற்று, ஜன்னலோர இடம் கிடைத்தது என்றார். வரும்போது மேம்பாலத்தில் ஏறுகையில் ஒரு தடவை மூச்சு வாங்கிற்று, நின்று நின்று வந்தேன், நாளைக்கு டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்றார். நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.