குளத்தில் மிதக்கும் தேங்காய்

அத்தான், இது இப்படித்தான் வந்து முடியும் என்று நான் முதலே சொன்னேன். நோர்பரி வீட்டுப் பின்வளவில் நீங்கள் குளம் வெட்டத் தொடங்கிய அன்றே, "இது குளமில்லை அத்தான், தலையிடி" என்றேன். நீங்கள் மண்வெட்டியை என்னிடமே நீட்டினீர்கள்.

இன்று காலை அந்தத் தலையிடிக்குள் முழங்கை வரை கையை விட்டு அழுகிய அல்லித் தண்டுகளை அள்ளினேன். எத்தனை தரம் சோப்புப் போட்டும் சேற்று மணம் போகவில்லை. உங்கள் பழைய ஜாக்கெட்டிலும் இதே மணம்தான்.

குளத்துத் தண்ணீர் மோட்டரைக் கழற்றி ஷெட்டுக்குள் வைத்தாயிற்று. இலை விழாமல் வலையும் கட்டியாயிற்று. சுவிஸில் ஒரு கோட்டையின் ஏரியையே குளிருக்குத் தயார் செய்த எனக்கு இது எந்த மூலைக்கு! "ஏரியோ? நீர் அங்கை கோப்பையெல்லோ கழுவினீர், மச்சான்" என்று நீங்கள் சிரிப்பது கேட்கிறது.

மேலே முழுக்க உறைந்தால் கீழே மீனுக்கு மூச்சு முட்டும் என்று, ஓரிடமாவது உறையாமலிருக்க மற்றவர்கள் பந்து மிதக்கவிடுவார்கள். நீங்கள் லூயிஷாம் கோயிலுக்கு வாங்கி, கொண்டுபோக மறந்த தேங்காயை விட்டீர்கள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலியால் எட்டி என்னவென்று கேட்டார். குளிரை உறிஞ்சும் காய் என்று நான் விளக்கினேன். மறுநாள் அவரும் ஒன்று வாங்கிவந்தார்.

குளிர் தொடங்கினால் மீனுக்குத் தீன் போட விடமாட்டீர்கள். "அதுக்கு இப்ப பசியில்லை, சும்மா விடும்." ஆஸ்பத்திரியில் அக்கா ஊட்டிய கஞ்சியைத் தள்ளியபோதும் அதையேதான் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பி, குளத்தில் மிஞ்சியிருந்த அந்த ஒற்றைச் சிவப்பு மீனைப் பற்றிக் கேட்டீர்கள். "சிவப்பியைப் பாரும். இந்தக் குளிரைத் தாண்டிட்டாளெண்டால் எனக்கு அதுவே காணும்."

இன்று வலை கட்டும்போது சிவப்பி மேலே வந்து, என்னை ஒருதரம் முறைத்துவிட்டு, அடியில் போய்ப் படுத்தாள்.

குசினி யன்னலில் அக்கா நின்றா. "சிவப்பி நிக்குதோடா?"

"ஓம் அக்கா. அடியிலை நல்ல நித்திரை."

அந்தப் பதில் கிடைத்தால்தான் அவ அடுப்பை மூட்டுகிறா. இல்லாவிட்டால் உங்கள் கதிரையில் இருந்தபடியே பகலை இருட்டவிட்டுவிடுவா.

அத்தான், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சிவப்பி மேலே வரவில்லை. நீங்கள் கண்மூடிய அதே கிழமை நாரை வந்து கொத்திக்கொண்டு போய்விட்டது. வெறும் தண்ணீருக்குத்தான் வலையும், உங்களைப் போல நான் இன்று மிதக்கவிட்ட தேங்காயும். குளிர் முடியும்வரை நித்திரை என்று சொல்லலாம். வெயில் வந்ததும் அக்கா தீன் டப்பாவோடு குளத்தடிக்கு வருவா. எதையும் முதலே சொல்லுகிற எனக்கு, அன்று நடக்கப்போவதைச் சொல்ல வாய் வரவில்லை.