எனக்காக மாறும் பேச்சு

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. சைக்கிளில் போய்ச் சேர்வதற்குள் முழங்கால்வரை ஈரம்.

பல்கலைக்கழகத்தில், எங்கள் அரையாண்டுத் திட்டக் குழுவின் அறைக்கு வெளியே கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே குழுவின் மற்ற இருவர்: ஆஸ்கெர் டேனிஷில் ஏதோ சொல்ல, சிக்னே மேசையைத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாள். கதவைத் திறந்தேன். சிரிப்பு நின்றது. "வா டுவார்ட்டே, மழையில நல்லா மாட்டிக்கிட்டியா?" – சிக்னே, ஆங்கிலத்தில். எனக்காக மாற்றிக்கொள்கிறார்கள். மரியாதைதான். ஒரு வருஷமாக இந்த மரியாதைதான் என்னை வெளியிலேயே நிறுத்துகிறது.

அக்டோபர் 12, ஞாயிறு

போர்ச்சுகலிலிருந்து, போர்ட்டோ வீட்டிலிருந்து அம்மா போன் செய்தாள். சிநேகிதர்கள் கிடைத்தார்களா என்றாள். நிறைய என்றேன். பொய். இன்று நான் பேசியது ரொட்டிக் கடைப் பெண்ணோடு மட்டும். மாலை வகுப்பில் கற்ற டேனிஷில் கேட்டேன். அவளும் ஆங்கிலத்தில்தான் பதில் சொன்னாள்.

அக்டோபர் 23, வியாழன்

பேராசிரியர் ஹென்னிங் சொல்லிவிட்டார்: முதுகலை ஆய்வுக்கு நவம்பர் முடிவதற்குள் குழு சேர்ந்துவிட வேண்டும். தனியாகவும் செய்யலாமாம். செய்யலாம்தான் – ஜூன்வரை நானும் ஒரு திரையும். ஆஸ்கெரும் சிக்னேவும் சேர்ந்துதான் செய்வார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. நானாகக் கேட்டால் என்ன? ஆங்கிலத்தில் அழகாகச் சரி என்பார்கள். அதற்காகவே கேட்கமாட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

கேட்கவில்லை. இந்த அரையாண்டோடு மூட்டை கட்டிவிடலாமா?

நவம்பர் 11, செவ்வாய்

மானம் போயிற்று.

காற்றாலை இறக்கை தன் எடையில் எவ்வளவு தொங்கும் என்ற கணக்கு என் பொறுப்பு. ஹென்னிங்குக்குத் திரையில் காட்டினேன். இறக்கை இலேசாக வளைந்து அழகாகத்தான் தொங்கியது. நுனி எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தன்மையாகக் கேட்டார். ஓரத்திலிருந்த எண்ணை அப்போதுதான் பார்த்தேன். சூரியன் இருக்கிற தூரத்தையும் தாண்டிவிட்டது.

நீளமெல்லாம் மில்லிமீட்டரில் கொடுத்துவிட்டு, அடர்த்தியை மட்டும் டன்–மில்லிமீட்டரில் இல்லாமல் கிலோ–மீட்டர் கணக்கில் போட்டிருக்கிறேன். எடை லட்சம் கோடி மடங்கு! எவ்வளவு வளைந்தாலும் மென்பொருள் தானே சுருக்கி லட்சணமாகக் காட்டிவிடும். அந்தப் படத்தை நம்பிவிட்டேன்.

ஹென்னிங் காபிக்குப் போனதும் ஆஸ்கெர் வெடித்தான். "ஏண்டா, அந்த நம்பரை ஒரு தடவையாவது பாத்தியா? கண்ணை எங்க வெச்சிருந்த? இதை நம்பித்தானேடா நான் விரிசல் கணக்கெல்லாம் போட்டேன்!"

டேனிஷில். அவனுக்கு ஆங்கிலமே மறந்துவிட்டது. எனக்கும்.

"சரி, சூரிய மின்சாரமும் சேத்தே எடுத்துக்கலாம்ல?" என்றேன். இலக்கணம் தப்பு, உச்சரிப்பு படுமோசம். சிக்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். ஆஸ்கெர் முறைத்தான், பிறகு அவனாலும் அடக்க முடியவில்லை.

திட்டு வாங்கிவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பிய முட்டாள் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

நவம்பர் 12, புதன்

காலையில் ஆஸ்கெர் மன்னிப்புக் கேட்டான். ஆங்கிலத்தில்.

பாவி. அந்தத் திட்டையும் பிடுங்கிக்கொண்டான்.

நவம்பர் 20, வியாழன்

சொல்லிவிட்டேன். டேனிஷில், வியர்த்து விறுவிறுத்து – "எனக்காக மாத்திப் பேசாதீங்க. நான் உள்ள வந்தாலே சிரிப்பு நின்னுடுது. தாங்கல."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிக்னேவின் முகம் சிவந்துவிட்டது. "உனக்கு எங்களைப் பிடிக்கலன்னுல்ல நெனச்சோம்? வாயே தொறக்கமாட்ட. ஆய்வை நீ தனியாத்தான் செய்யப்போறேன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்."

ஒரு வருஷம்! கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவர்கள். அழுகைதான் வந்தது. குளிர் என்று சொல்லி மூக்கைத் துடைத்தேன்.

நவம்பர் 28, வெள்ளி

ஆய்வுக் குழுவுக்கு எங்கள் மூன்று பேர் பெயரும் கொடுத்தாயிற்று.

சாப்பிடும்போது ஆஸ்கெர் ஒரு கதை சொன்னான். பாதிதான் பிடிபட்டது. சிக்னே சிரிக்க, நான் முழித்தேன். என்ன என்று கேட்டேன். அவளே இன்னொரு தடவை சொன்னாள், மெதுவாக, டேனிஷிலேயே. அப்போதும் புரியவில்லை. சலித்துக்கொண்டே மறுபடி ஆரம்பித்தாள்.