பூட்டுக்குள் மேடம்

செவ்வாய், இரவு.

இன்று எங்கள் சிறையில் ஊழியர்களுக்கான கட்டாயத் தீவிபத்து ஒத்திகை. மணி அடித்ததும் பெண்கள் பகுதியைத் திறந்து கைதிகளை முற்றத்துக்குக் கூட்டி வந்தேன். எண்ணிப் பார்த்தேன், ஆள் குறையவில்லை. பழக்க தோஷத்தில் கதவைப் பூட்டிவிட்டேன்.

உள்ளிருந்து குரல் வந்தது. "அரே அக்கா, திறங்க. நான் இங்கதான் கிடக்கேன்."

தென்கோடித் தீவின் கேம்பல் பேயிலிருந்து மாற்றலாகி வந்த ஜெயிலர் மேடம், புகையில் மயங்கிய வார்டராக நடித்துத் தரையில் படுத்திருந்தார். கைதிகளை எண்ணும் நாங்கள் எங்களை எண்ணுவதேயில்லை என்று வந்த புதிதிலேயே கண்டுபிடித்துவிட்டாரே!

கதவைத் திறந்து, திட்டுவார் என்று நின்றேன். சீருடைத் தூசியைத் தட்டியபடி, "சலோ, இன்னொரு தடவை" என்றார். வேறு யாரிடமாவது கொடுக்கட்டும் என்று சாவியை நீட்டினேன்.

"உங்ககிட்டயே இருக்கட்டும் அக்கா" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.