அஞ்சலை அக்கா சொன்ன ஒன்பது மார்க்கு

என் பிரியத்துக்குரிய அஞ்சலை அக்கா,

நீ போய் இருபது நாள் ஆகிறது. மேட்டுப் பக்கம் மிச்சமிருந்த ரப்பர் மரங்களையும் வெட்டி மரவள்ளி நட்டுவிட்டார்கள். பள்ளியில் ஜப்பான் பாட்டு நடக்கிறது. நான் வாயை மட்டும் அசைக்கிறேன்.

ஒரு கேள்வி என்னை விடவில்லை. அன்று ஏன் ஒன்பது சொன்னாய்?

எனக்கு அது விளையாட்டில்லை, அக்கா. சோறு குறைந்தால் சந்தோஷமும் அதே அளவு குறையுமா, படித்தவர்கள்தான் நிம்மதியாக இருக்கிறார்களா என்று தெரிந்துகொள்ள ஆசை. நோட்டோடு தொழிலாளர் லயத்தில் வாசல் வாசலாக நின்று, வாழ்க்கைக்குப் பத்துக்கு எத்தனை மார்க்கு கொடுப்பீர்கள் என்று கேட்டேன். எல்லாரும் எட்டு, ஒன்பது. கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தியிருந்த மாரியாயி அத்தை பத்து என்றார்.

நீ காய்ச்சலில் சுருண்டு கிடந்தாய். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தாய்.

"ஒம்போது போட்டுக்க பாப்பா."

மீதி ஒன்று எங்கே என்றேன்.

"அத ஒங்க வீட்டுல வச்சுக்கங்க. நீங்கதான் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கீங்க" என்று சிரித்தாய்.

உண்மைதான். பெண்டாங் வயல் அரிசி வரவில்லை, சீனி இல்லை என்று எங்கள் வீட்டில் தினமும் குறை. ஆனால் அலமாரியில் காய்ச்சலுக்கான கொய்னா மாத்திரைப் புட்டி இருந்தது. உனக்குக் கொஞ்சம் கேட்கலாம் என்று நினைத்தேன். ஒன்பது சொன்னவளுக்கு அவ்வளவு காய்ச்சல் இருக்காது என்று விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் நீ இல்லை.

நீ ஏன் ஒன்பது சொன்னாய் என்று நேற்று உன் அம்மாவிடம் கேட்டேன். கிழங்கைச் சீவிக்கொண்டே சொன்னார்.

"ஒங்கப்பா நோட்டோட வந்துதான பாப்பா சயாமுக்குப் பேரு எழுதுனாரு? அதே மாதிரி நீ வந்து நிக்கிற. கொற சொன்னா மிச்சமிருக்கிற ஆளையும் எழுதிட்டா?"

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் மகள் நான். உன் அப்பா ஜப்பான்காரர்களின் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போனது என் அப்பா எழுதிய பட்டியலில்தான். மேலிடத்துக்குப் பயந்து எழுதினார் என்று என் அம்மா சொல்வாள். நான் அதை மறந்தே போயிருந்தேன். எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை, அதனால் மறக்க முடிந்தது. அப்படியானால் அந்த நோட்டில் நான் எழுதி வைத்தது என்ன, அக்கா? உங்கள் பயத்துக்கா மார்க்கு போட்டேன்?

உன் அம்மாவுக்கும் இப்போது குளிர்காய்ச்சல். புட்டியில் இருந்த ஆறு மாத்திரைகளையும் இன்று எடுத்துப் போனேன். "கிராணிக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்றதும்தான் கையை நீட்டினார்.

இனி யார் வாசலிலும் நோட்டோடு நிற்க மாட்டேன். காய்ச்சல் இறங்கும்வரை தினமும் போவேன். எப்படி இருக்கிறது என்று வாயால் கேட்பதற்கு முன்னால், பாயருகே உட்கார்ந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன். உன் நெற்றியை நான் தொடவே இல்லை.

நீ ஒருநாளும் அப்படிக் கூப்பிடாத
உன் தங்கச்சி,
வாசுகி