கரவன் நிறுத்த ஓர் இடம்

கிரவீன்
20.08.2006

அன்பின் மகன் விக்னராஜாவுக்கு,

அம்மா எழுதுவது. நீயும் சாம்பவியும் ஆதிரைக்குட்டியும் சுகமாயிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இதைத் தொடங்குகிறேன். நாங்கள் இருவரும் இருக்கிறோம். எனக்கு முழங்கால், அப்பாவுக்குக் கண். மற்றப்படி குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொலைபேசி இருக்கக் கடிதம் எதற்கு என்று யோசிப்பாய். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ எடுக்கும்போது இங்கே என்ன நடக்கிறது என்று உனக்குத் தெரியாது. நீ "அப்பா எப்பிடி?" என்று கேட்கிறாய். நான் "இருக்கிறார்" என்கிறேன். அவர் பக்கத்துக் கதிரையில் பேப்பரை விரித்துக்கொண்டிருப்பார். நாம் கதைத்து முடியும்வரை ஒரு பக்கமும் திருப்ப மாட்டார். அவர் காதுக்கு எட்டாமல் உனக்குச் சொல்ல வேண்டியவை நிறையச் சேர்ந்துவிட்டன. இன்று அவர் தேவராஜா அங்கிளோடு லிட்கம் பக்கம் ஏதோ றப்பர் குழாய் தேடிப் போயிருக்கிறார். குசினி மேசையில் இருந்து எழுதுகிறேன்.

அப்பா ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கியிருக்கிறார். அதன் பின்னால் கொளுவி இழுக்க ஒரு கரவனும். இரண்டு சில்லின் மேல் ஒரு குட்டி வீடு அது. கட்டில், அடுப்பு, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. உனக்குச் சொல்லவேண்டாம் என்றார். ஆறு மாதமாகச் சொல்லாமல் இருந்து களைத்துவிட்டேன்.

மற்றவர்களுக்கு அவர் சொல்லும் காரணம், ஓய்வு பெற்றாகிவிட்டது, அவுஸ்திரேலியாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்பது. சாப்பாட்டறைச் சுவரில் வரைபடம் ஒன்றும் ஒட்டியிருக்கிறார். அதில் பேர்த்துக்குக் கோடு இல்லை. கெயின்ஸுக்கும் இல்லை. ஹியூம் நெடுஞ்சாலையில் மட்டும் ஒரு பென்சில் கோடு போகிறது. அது அல்பரியைத் தாண்டி, மெல்பேர்னுக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிடுகிறது.

ஏன் டீசல் என்று கேட்டேன். ஊரில் தொழிற்சாலையில் இருந்த காலமெல்லாம் அவர் டீசல் இயந்திரங்களோடு கிடந்தவர். "பாரம் இழுக்கிறதெண்டால் டீசல்தான். பெற்றோல் கார் சத்தம் போடும், டீசல் வேலை செய்யும்" என்றார். எனக்கு நான் படிப்பித்த வகுப்புப் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். கேள்வி கேட்டு முடியுமுன் கையை உயர்த்திக் குதிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். கடைசி வாங்கில் மெதுவாக முழுக் கணக்கையும் செய்து முடிக்கிற பிள்ளையும் ஒன்று இருக்கும். அப்பாவுக்கு எப்போதும் கடைசி வாங்குப் பிள்ளைதான் பிடிக்கும்.

விற்றவர் வின்ட்ஸர் பக்கத்து வயதான வெள்ளைக்காரர். மனைவி இறந்தபிறகு அந்த ஜீப்பை வெளியே எடுக்கவே இல்லையாம். அப்பா போனதும் போகாததுமாக இயந்திரத்தை மூடும் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நாம் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால், குளிரில் கிளம்பாத குறை தெரியாமல் போய்விடுமாம். பொனற் சில்லென்றுதான் இருந்தது. பிறகு ஓடவிட்டு, எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து ஆவி வருகிறதா என்று பார்த்தார். புகைக்குழாய்க்குப் பின்னால் என் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தார். அந்தக் கைக்குட்டை அதோடு சரி. தேவராஜா அங்கிள் சும்மா இருப்பாரா? "அண்ணை, பொம்பிளை பார்க்கேக்க கூட நீங்கள் இவ்வளவு பார்த்திருக்கமாட்டியள்" என்றார். அப்பா, "பார்த்திருக்கலாம்" என்றார். வீடு வந்து சேரும்வரை நான் இரண்டு பேரோடும் கதைக்கவில்லை.

இவ்வளவு பார்த்தவர் ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. பாரத்தைக் கொளுவிக்கொண்டு ஒரு மேட்டில் ஏறிப் பார்க்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

காலையில் அதைக் கிளப்புவதே ஒரு சடங்கு. திறப்பைப் பாதி திருப்பினால் சுருள் மாதிரி ஒரு மஞ்சள் விளக்கு எரியும். உள்ளே சூடேறி அந்த விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். அதற்குமுன் அவசரப்பட்டால் இருமிவிட்டு நின்றுவிடும். நான் வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் அடங்கும்வரை மேசைப் பக்கத்தில் பேசாமல் நிற்பேனே, அதுபோலத்தான். அப்பா விளக்கையே பார்த்துக்கொண்டு பொறுமையாக இருப்பார். இயந்திரம் என்றால் எவ்வளவு நேரமும் பொறுப்பார். மனிதருக்குப் பொறுக்கத்தான் அவருக்கு வராது. உனக்கும் அந்தக் குணம் வந்திருக்கிறது. கோபிக்காதே, எழுத வேண்டியிருக்கிறது.

உங்கள் புது வீட்டுக் குடிபூரலன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். நான் நின்ற இடத்தில் இருந்து பார்த்ததை ஒருமுறை எழுதிவிடுகிறேன். உடுப்புத் தோய்க்கிற அறையில் குழாய் ஒழுகியது. அப்பா யாரையும் கேட்காமல் அதைக் கழற்றினார். தண்ணீர் பீறிட்டுப் புதுக் கம்பளம் முழுவதும் நனைந்துவிட்டது. நீ ஓடிவந்து, "இது என்ர வீடு, அப்பா. கேட்டுப்போட்டுக் கை வையுங்கோ" என்றாய். நீ சொன்னதில் பிழையில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த நேரம் அவர் தரையில் முழந்தாளிட்டு, தன் பட்டு வேட்டியின் தலைப்பால் தண்ணீரை ஒற்றிக்கொண்டிருந்தார். பின்னால் சாம்பவியின் தாய் தகப்பன் நின்றார்கள். அவர் எழும்பி, "இனி உன்ர வீட்டு வாசற்படி மிதிக்கமாட்டன்" என்றார். அப்போது ஆதிரை தவழ்கிற பிள்ளை. இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

சொன்ன சொல்லை மாற்ற அவருக்குத் தெரியாது. அதுதான் இந்தக் கரவன் வந்திருக்கிறது என்று எனக்கு விளங்க ஒரு மாதம் எடுத்தது. நான் கராஜுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவர் தேவராஜா அங்கிளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "படி மிதிக்கமாட்டன் எண்டுதான் நான் சொன்னனான். ட்றைவ்வேயில படி எங்க கிடக்கு?" வீட்டு முன்றலில், கார் நிறுத்துகிற பாதையில், தன் கட்டிலோடும் தன் அடுப்போடும் வந்து நின்றால் சொல் தவறாது என்பது அவர் கணக்கு. பரீட்சையில் கேட்டதற்கு மட்டும் விடை எழுதுகிற சில பிள்ளைகள் உண்டு. புள்ளியைக் குறைக்கவும் முடியாது, முழுப் புள்ளி கொடுக்கவும் மனம் வராது. நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு ஒன்றும் கேளாதவள் மாதிரி வந்துவிட்டேன்.

என் பங்குக்கு நானும் ஒரு பிழை விட்டேன். உங்களுக்கென்று ஒரு மூட்டை அரிசி, ஒடியல் மா, மிளகாய்த்தூள், சாம்பவிக்குப் பிடித்த எலுமிச்சை ஊறுகாய்ப் போத்தல்கள் என்று அவருக்குத் தெரியாமல் கரவனின் பின் அலுமாரிக்குள் அடுக்கினேன். பரீட்சார்த்தமாக பிளாக்டவுன்வரை ஓட்டியபோது கரவன் நாய் வாலாட்டுவதுபோல் இருபக்கமும் ஆடியது. அப்பா ஓரமாக நிறுத்தி, இறங்கிப் போய் அலுமாரியைத் திறந்தார். நான் முன் இருக்கையில் அசையாமல் இருந்தேன். திரும்பிவந்து, "பாரத்தைப் பின்னுக்கு வைச்சால் ஆடும். சில்லுக்கு மேல வைக்கவேணும்" என்றார். சுற்றுலா போகிற இரண்டு கிழடுகளுக்கு ஒரு மூட்டை அரிசி எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மறுநாள் பார்த்தேன். மூட்டை சில்லுக்கு நேர் மேலே இருந்தது, கயிற்றால் கட்டி.

அதன்பிறகு நிறை பார்க்கிற வேலை தொடங்கியது. குளியலறைத் தராசை எடுத்துப்போய், மேலே பலகை வைத்து, கரவனின் மூக்கை அதில் இறக்கி நிறுத்தினார். இரண்டையும் பிணைக்கிற கொளுவியில் ஓரளவு பாரம் இருக்க வேண்டுமாம். குறைந்தால் பின்வண்டி ஆடும். கூடினால் முன்வண்டி தலையைத் தூக்கும். இரண்டு வண்டியின் இழுபறியையும் கொளுவியில் உள்ள சின்ன இரும்புக் குண்டு தாங்குகிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு என் நிலைமை நினைவுக்கு வந்தது, ராசா. அதற்குமேல் அதைப்பற்றி எழுதவில்லை.

யூன் மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஆதிரை இப்ப எவ்வளவு உயரம் இருப்பாள்?" என்று கேட்டார். ஏன் என்றேன். "சும்மா" என்றார். நான் கையால் காட்டினேன். அந்தக் கிழமை முழுவதும் கராஜில் வாள் சத்தம் கேட்டது. கரவனுக்குள் எங்கள் கட்டிலுக்கு எதிரே இப்போது சின்னப் படுக்கை ஒன்று இருக்கிறது. விழாமல் இருக்க ஓரத்தில் சட்டம் அடித்து, முனையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கியிருக்கிறார். சாமான் வைக்கிற தட்டாம். நான் ஓம் என்றேன்.

அப்பாவின் கார்ச் சத்தம் கேட்கிறது. பிறகு எழுதுகிறேன்.

புதன்கிழமை

யூலை மாதத்தில் நீலமலைப் பக்கம் ஒரு ஒத்திகைப் பயணம் போனோம். பென்றித் தாண்டி மேடு தொடங்கியதும் வெப்பம் காட்டுகிற முள் மேலே போகத் தொடங்கியது. அப்பா உள்ளே சூட்டுக்காற்றை முழுதாகத் திறந்துவிட்டார். இயந்திரத்துச் சூட்டை எங்கள் பக்கம் இழுத்தால் அது கொஞ்சம் ஆறுமாம். குளிர்காலத்தில் வியர்க்க வியர்க்க, கண்ணாடி இறக்கி ஏறினோம். பின்னால் லொறிகள் ஒலியெழுப்பின. முள் இறங்கவில்லை. ஓரத்தில் நிறுத்தினோம். தண்ணீர் சுற்றிவரும் ரேடியேற்றர் உள்ளே துருவால் அடைத்துப்போயிருந்தது. தட்டையான தெருவில் ஓடும்வரை அது தெரியாது. மேட்டில்தான் தெரியும்.

இழுத்துப்போகிற வண்டி வரும்வரை தெருவோரத் தடுப்பில் இருந்தோம். அப்பா கைகளைத் துடைத்தபடியே இருந்தார். எண்ணெய் போனபிறகும் துடைத்தார். பிறகு, "எனக்கு இனி ஏலாது போல கிடக்கு, ராசேஸ்" என்றார். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தச் சொல்லை அவர் வாயால் நான் கேட்டதில்லை. வீட்டையும் வளவையும் விட்டு இந்த நாட்டுக்கு வந்த அன்றும் கேட்கவில்லை. நானும் களைத்துப் போயிருந்தேன். கரவனுக்குள் போய்த் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். அடுப்பு மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

இப்போது ரேடியேற்றர் மாற்றியாகிவிட்டது. குழாய்களும் மாற்றியாகிவிட்டது. நேற்று அதே மேட்டில் ஏறினோம். முள் அசையவில்லை. வரும் வழியில் அப்பா ஹரிஸ் பார்க்கில் நிறுத்தி எனக்கு மசாலா தோசை வாங்கித் தந்தார்.

இனிக் கண்ணைப்பற்றி. இடக்கண் நரம்பு பழுதாகிக்கொண்டு போகிறது, திரும்பாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். வலக்கண் தெளிவு. பகலில், கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டத் தடையில்லை என்கிறார். கார்த்திகையில் அப்பாவுக்கு எழுபத்தைந்து. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் வைத்தியர் கையெழுத்து வைத்தால்தான் ஓட்டலாம். இந்த முறை வைப்பாரா என்று கேட்டேன். அவர் மேசையில் இருந்த பேனையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. ஆகவே இந்தப் பயணம் ஒன்றுதான் இருக்கிறது, தம்பி. இதை நான் உனக்குப் பயம் காட்ட எழுதவில்லை. உண்மை தெரிந்தவன் தீர்மானிப்பதுதான் நல்லது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பாடசாலையின் வெறும் வாகனத் தரிப்பிடத்தில் பின்னுக்குப் போகப் பழகுகிறார். கரவனோடு பின்னுக்குப் போவது எளிதல்ல. அது இடப்பக்கம் போகவேண்டுமென்றால் ஜீப்பின் சில்லை வலப்பக்கம் திருப்ப வேண்டும். இரண்டு பிளாஸ்ரிக் வாளிகளைத் தூண்களாக வைத்து, நடுவால் விடப் பார்க்கிறார். வாளிகளை இன்னும் கொஞ்சம் அகலமாக வைத்தால் என்ன என்று கேட்டேன். "அவ்வளவுதான் அகலம்" என்றார். குடிபூரலுக்கு முதல்நாள் உன் கேற்றின் பிணைச்சல் இறுக்கிக் கொடுத்தாரே, அப்போது அளந்திருக்கிறார்.

புரட்டாதி விடுமுறையின் முதல் சனிக்கிழமை புறப்படுகிறோம். இரவில் ஓடுவதில்லை. வழியில் குண்டகாயிலும் வங்கரட்டாவிலும் தங்குவோம். திங்கட்கிழமை பின்னேரம், வெளிச்சம் இருக்கும்போதே, மில் பார்க் வந்துவிடுவோம். அப்பா உன் தெருவால் மெதுவாகப் போவார். நிறுத்துவோம் என்று அவர் சொல்லமாட்டார். நானும் சொல்லமாட்டேன். உன் காரைத் தெருவில் விட்டு, கேற்றைத் திறந்து வைத்திருந்தால் எங்களுக்கு விளங்கும். பூட்டியிருந்தாலும் விளங்கும். கரவன் நிறுத்துகிற பூங்கா ஒன்று பக்கத்திலேயே இருக்கிறதாம், அங்கே போவோம். அதைப்பற்றிப் பிறகு நான் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கமாட்டேன். உள்ளே வாங்கோ என்று சாம்பவி முதல்நாளே வற்புறுத்த வேண்டாம். ஆதிரையை மட்டும் வெளியே விடச் சொல். படுக்கை யாருக்கென்று அவளே கண்டுபிடிப்பாள்.

கடைசியாக ஒன்று. பின்னுக்குப் போகும்போது யாராவது பின்னால் நின்று கை காட்ட வேண்டும். நான் நின்றால் கரவன் மறைத்துவிடுகிறது. நீ உயரமானவன். அவருடைய வலப்பக்கக் கண்ணாடியில் தெரிகிற மாதிரி நில். ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. கை காட்டினால் போதும். கண்ணாடியில் தெரிகிற கைக்கு அவர் மறுப்புச் சொல்வதில்லை.

மூவரும் ஒரு குறையுமின்றி இருக்கவேண்டும் என்ற வேண்டுதலோடு,

அம்மா
இராஜேஸ்வரி