சக்கரம் வைத்த சூரியத் தகடு

என் தங்கம் குட்டிம்மாவுக்கு அம்மா எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று கேட்டால் மனசுக்கும் ஒன்றும் இருக்காது.

அப்பா போனதிலிருந்து வாசலில் யார் வந்து நின்றாலும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறேன். மொட்டை மாடியில் சக்கரம் வைத்த கட்டிலில் கரண்ட் எடுக்கும் சூரியத் தகட்டைப் பொருத்தி, வெயில் போகும் பக்கமெல்லாம் அப்பா தள்ளிக்கொண்டு போவாரே, இப்போது நான்தான் தள்ளுகிறேன். போன வாரம் நகராட்சியிலிருந்து கட்டட ஆபீசர் வீட்டைச் சோதிக்க வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம், அப்பா கைவேலையைக் காட்ட வேண்டும் என்ற பெருமையில், பாருங்க சார், ஒரு விரல் போதும்னு அவர் முன்னாலேயே தள்ளிக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. கட்டடத்தோடு அசையாமல் பொருத்தியதைத்தான் சட்டம் மாற்று மின்சக்தி அமைப்பு என்று சொல்லுமாம், நகர்ந்தால் அது வெறும் சாமானாம், சட்டத்துக்கு உங்க கட்டிலும் இதுவும் ஒண்ணுதாம்மா, காத்தடிச்சா யார் தலையில விழுமோ, பொருத்துங்க இல்லேன்னா இறக்குங்கன்னு சொல்லிவிட்டார். ஆனால் ஜன்னல் இடுக்கில் அப்பா ஒட்டிய ரப்பர் பட்டையையும் வெக்கை இறங்காமலிருக்க மாடி அறைக் கூரைக்கு அடியில் அடைத்த பஞ்சையும் தடவிப் பார்த்து, இதெல்லாம் மின்சாரம் மிச்சம் பண்ற கட்டட மேம்பாடு, சட்டப்படி சரிதான் என்றார். ரப்பர் பாஸ், சூரியன் ஃபெயிலாக்கா என்று கீழ்வீட்டுத் தையல்காரி சிரிக்கிறாள், உள்ளுக்குள் அவளுக்கும் உதறல்தான், அவள் மிஷின் ஓடுவதே அந்தத் தகட்டால்தானே, அதனால் இறக்க மனசு வரவில்லை.

திங்கட்கிழமை ஆபீசர் திரும்ப வருகிறார். நாளைக்கு வெல்டிங்காரர் தளத்தில் துளை போட்டுப் பொருத்துகிறார், மழைக்கு ஒழுகுமோ என்று அது வேறு பயம். எந்தப் பக்கம் பார்த்து வைக்கணும்மான்னு கேட்டார், எங்க வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன் என்று வாய் வரை வந்துவிட்டது. உச்சி வெயிலுக்கு வையுங்கள் என்றேன், சரியோ தப்போ தெரியவில்லை, காலை வெயிலும் சாயங்கால வெயிலும் இனி வீண்தான். காலையில் எழுந்ததும் மாடி ஏற எனக்கு ஒரு வேலை இருந்தது, அதுவும் போயிற்று. அப்பா பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆன கைப்பிடியை மட்டும் அறுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஓடாத வண்டிக்குக் கைப்பிடி எதுக்கும்மான்னு வெல்டிங்காரர் சிரித்தார், இருக்கட்டும் என்றேன். அதைப் பார்த்து இது நகருமா என்று ஆபீசர் மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று தூக்கமே இல்லை. கேட்டால் நீங்களே தள்ளிப் பாருங்க சார், இனிமே அது எங்கயும் போகாதுன்னு சொல்லிவிடுவேன், அழாமல் சொல்ல வேண்டும்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் தலையை ஈரத்தோடு விடாதே. உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் வராது, அப்பா பார்த்துக்கொள்வார். திங்கட்கிழமை சாயங்காலம் மறக்காமல் போன் பண்ணு, மாடியில்தான் இருப்பேன்.

உன் அம்மா